உம் கொட்டாத அறை

லின்வுட் கெய்ன்ஸிடம் மிச்சமிருந்தது பதினோரு நிமிடத்துக்கான பிலிம். அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் மிஸ் ஆர்டெல்லா புரூயிட் இருபத்து நாலு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலைப் பஸ்ஸில் அவள் டெட்ராய்ட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். எழுபத்தெட்டு வயதில் கிளம்புகிறவள் திரும்பி வருவாள் என்று செயின்ட் லூயிஸின் வடபக்கக் கறுப்பர் தெருக்களில் யாரும் நம்பவில்லை.

ஒலிப்பதிவுக்கு லுவீனியா ஸ்டோவல். படிப்பெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை. பதின்மூன்று வருஷமாகக் காதில் குரல்களை வாங்கி வாங்கி, ஒரு தடவை பேசியவரை மறுதடவை பெயர் கேட்காமலே சொல்லிவிடுவாள். தன் அப்பா படுத்திருந்த வார்டைக் கேட்டு லின்வுட் ஒருதரம் போன் செய்திருந்தான். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாகப் போன் செய்தபோது, "லின்வுட்தானே? அப்பா மூணாவது மாடியில இருந்தாரே, இப்ப நடக்கிறாரா?" என்றாள். "ஏம்மா, இந்தக் காதை எனக்குக் கடன் தருவியா?" என்று அவன் கேட்டதில் ஆரம்பித்தது. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிறவன் அவன். நடுவே இரண்டு வருஷம் கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு, இரவல் கேமராவோடு ஊர் திரும்பியிருந்தான். லுவீனியா துடைப்பக்கட்டை முனையில் மைக்கைக் கட்டித் தோளுக்கு மேல் பிடிக்கப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின.

அவன் எடுக்கும் படம் சலவைச்சாலையைப் பற்றியது என்று தெரிந்த அன்று அவள் விலகியிருக்கலாம். விலகவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டில் அந்தச் சலவைச்சாலையில் ஆவிக்குழாய் வெடித்து ஒன்பது பெண்கள் வெந்து செத்தார்கள். ஒன்பது பேரும் இந்தத் தெருக்காரிகள். விசாரணை அறிக்கை ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு வரி: செத்தவர்களில் ஒருத்தியான வில்லா மே ஸ்டோவல் என்ற பணிப்பெண் வால்வைத் தவறாகத் திருகியதே விபத்துக்குக் காரணம். அப்போது லுவீனியாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கயிறு தாண்டும்போது பிள்ளைகள், "உங்கம்மாதான் திருகினாளாமே?" என்று கேட்டார்கள். நிஜமா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. அம்மாவின் முகம் போட்டோவில் இருந்தது. குரல்தான் இல்லை. ஊரார் குரலையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவளுக்குப் பெற்றவள் குரல் மட்டும் நினைவில் இல்லை.

அன்றைக்கு அங்கே வேலையில் இருந்தவர்களில் இன்னும் இந்த ஊரில் உயிரோடிருப்பது மிஸ் ஆர்டெல்லா ஒருத்திதான். "பேசறேன். ஒரே ஒரு தடவ. சர்ச்சுக்குக் கீழ, எல்லார் முன்னாலயும்" என்று சொல்லியிருந்தாள்.

ஆராதனை முடிந்து, மீனும் ஸ்பகெட்டியும் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டு, நாற்பது பேர் கீழ்த்தளத்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை மாதத்துப் புழுக்கம். இரைச்சல் என்று மின்விசிறியை லின்வுட் நிறுத்திவிட்டான். சரசரக்கிறது என்று ஈமச்சடங்குக் கடைக்காரர் பெயர் அச்சடித்த அட்டை விசிறிகளையும் ஒவ்வொருவர் மடியிலிருந்தும் பிடுங்கினான்.

"கேளுங்க எல்லாரும். மிஸ் ஆர்டெல்லா பேசும்போது ஒரு சத்தம் வரக் கூடாது. ஆமென் கிடையாது. உம் கிடையாது. 'சொல்லு சொல்லு' கிடையாது. டீக்கன் ஹாஸ்கின்ஸ், உங்களத்தான்."

முன்வரிசையில் வேட்டைநாய் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தச் சபை ஊழியக் கிழவர் கையை மார்பில் வைத்துக்கொண்டார். "தம்பி, என் ஆமென அம்பது வருஷமா என் பொண்டாட்டியாலயே நிறுத்த முடியல."

"அவரு தூக்கத்துலயும் சொல்றாருப்பா. நான் கனவுல பிரசங்கம் பண்றேன்னு நெனச்சுக்குவேன்" என்றாள் பொண்டாட்டி. அறை சிரித்தது. லின்வுட் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. மே மாதம் ஒரு பெரியவரைப் பேச வைத்தார்கள். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அறை இரண்டு வாக்கியம் சொன்னது. டெலிவிஷன் நிலையத்து ஆள் அந்தச் சுருளைப் பாதியில் நிறுத்தி, "உங்க சாட்சி பேசறாரா, இல்ல சந்தையில யாராச்சும் ஏலம் விடறாங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். கலிபோர்னியாவிலும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பேசுகிறவர் குரலைத் தவிர எல்லாம் குப்பை.

அதே கீழ்த்தளத்தில் பிறந்து வளர்ந்தவன் ஒன்றை மறந்துபோனான். அங்கே பேச எழுந்தவரைத் தனியாக விடுகிற வழக்கம் இல்லை. கேட்கிறவர்கள் உம் கொட்டி உம் கொட்டித்தான் ஒருவரை மறுகரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பொய் சொல்கிறவன் எழுந்தால் மட்டும் அந்தச் சபை வாயை மூடிக்கொள்ளும். மறந்தது அவன் மட்டுமல்ல. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் காது குளுகுளுன்னு இருக்கு" என்று சொன்ன லுவீனியாவும்தான்.

லின்வுட் கேமராவை ஓடவிட்டு, பிற்பாடு படமும் ஒலியும் ஒத்துப்போவதற்காக லென்ஸுக்கு முன்னால் ஒருதரம் கை தட்டினான்.

மிஸ் ஆர்டெல்லா நீலத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டிருந்தாள். முதலில் சரளமாகத்தான் பேசினாள். காலையில் ஆறு மணிக்கு உள்ளே போவது, ஓட்டல் படுக்கை விரிப்புகள், நூற்றுப் பத்து டிகிரிச் சூடு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. மறுபடி தொடங்கினாள். நாலாவது நிமிடத்தில் அந்த நிறுத்தங்கள் நீள ஆரம்பித்தன. ஐந்தாவது நிமிடத்தில் அவள் கண் வரிசை வரிசையாக அலைந்தது. எத்தனை வருஷமாகத் தெரிந்த முகங்கள்! எல்லா வாயும் சாத்தியிருந்தது. டீக்கன் உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்.

"பின்கதவுல சங்கிலி போட்டிருந்துச்சு" என்றாள். நிறுத்தினாள். "வெளிப்பக்கமா."

லுவீனியாவின் காதுக்குள் கிழவியின் மூச்சு புயல் போலக் கேட்டது.

"விரிப்பு திருடு போகுதுன்னு மேற்பார்வைக்காரன் பூட்டச் சொன்னான். நம்பிக்கையான ஆளுன்னு ஒருத்திகிட்ட சாவியக் குடுத்தான்." வெள்ளைக் கையுறைகள் ஒன்றையொன்று பிசைந்தன. "சாவி என்கிட்டதான் இருந்துச்சு. பூட்டுனது நான்தான்."

அறை அசையவில்லை. லின்வுட் வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டியபடி இடது கையால் ஐந்து விரலைக் காட்டினான். ஐந்து நிமிடம் பாக்கி.

மிஸ் ஆர்டெல்லா முதல்தடவையாக லுவீனியாவைப் பார்த்தாள். மைக்கைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள். வில்லா மேயின் மகளை. பிறகு குனிந்து கைப்பையைத் தேடினாள். எழுந்திருக்கப் போகிறாள்.

டேப் ரிக்கார்டரில் ஒலியளவு காட்டும் முள் அசையாமல் கிடந்தது. லுவீனியா விரும்பியது போலவே சுத்தமான மௌனம். இந்தக் கைதான் பூட்டியிருக்கிறது. இந்தக் கை ஈஸ்டர்தோறும் அவளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அவள் கல்யாணத்தில் முக்காட்டைச் சரிசெய்திருக்கிறது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு மாடியேறிப் போகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கிழவி இப்போது எழுந்தால் மிச்சமும் அவளோடு எழுந்துவிடும். நாளைக்கு டெட்ராய்ட். அப்புறம் அந்த ஒரு பக்கக் காகிதம்தான் பாக்கி.

நாலு விரல்.

"உம்" என்றாள் லுவீனியா.

அவள் வாய்க்கு ஒரு சாண் மேலேதான் மைக் இருந்தது. முள் துள்ளிச் சிவப்பில் முட்டியது. லின்வுட் திரும்பிப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

"நிதானமா சொல்லுங்க, மிஸ் ஆர்டெல்லா" என்றாள். குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க."

மிஸ் ஆர்டெல்லாவின் கை பைமேல் நின்றது.

"அவசரமே இல்ல" என்று பின்வரிசையில் ஒரு பெண் முனகினாள். "சொல்லும்மா" என்றாள் இன்னொருத்தி. அடைத்த குழாய் திறந்தது போல டீக்கனிடமிருந்து ஓர் ஆமென் வந்தது. யாரோ காலால் தரையைத் தட்டினார்கள்.

"நான் மேற்பார்வைக்காரனுக்குச் சாப்பாடு எடுத்துட்டு முன்னால ஆபீசுக்குப் போயிருந்தேன்."

"உம்."

"வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. ஓடப் போனேன். கையப் பிடிச்சான். 'மொதல்ல விரிப்ப எண்ணணும், அதுவரைக்கும் திறக்காத'ன்னான்."

"கர்த்தாவே."

"அவன் கையக் கடிச்சுட்டு ஓடுனேன்."

"நல்லாக் கடிச்சிருப்பே!" என்றார் டீக்கன்.

"சாவி பூட்டுக்குள்ள போக மாட்டேங்குது. என் கை என் பேச்சக் கேக்கல..."

கேமராவிலிருந்து படபடவென்று பிலிமின் வால் அடிக்கும் சத்தம் வந்தது. பிலிம் தீர்ந்தது. லின்வுட் நிமிர்ந்து, விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினான். கேமரா நின்றால் டேப்பும் நிற்க வேண்டும். அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். லுவீனியா தலையை ஆட்டி மறுத்தாள்.

மிஸ் ஆர்டெல்லா பார்த்துவிட்டாள். "படம் தீந்துருச்சா கண்ணு?"

"படம் தீந்துருச்சு. டேப் இருக்கு."

"எவ்வளவு?"

முழுசாக நாலு நிமிடம்கூட இல்லை. "வேணுங்கிற மட்டும் இருக்கு" என்றாள் லுவீனியா.

"உங்கம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னா. தப்பிக்கணும்னா அங்கேயே நின்னிருக்கலாம். நான் திறந்ததும் மொத ஆளா வந்திருப்பா. நிக்கல. பெரிய வால்வ மூடுனாத்தான் மத்தவங்க பொழைப்பாங்கன்னு உள்ள திரும்பிப் போனா. அவ திருகுனா, ஆமா. மூடறதுக்குத் திருகுனா. அதனாலதான் ஒம்பதோட நின்னுச்சு, இல்லன்னா முப்பது. விசாரணையில எங்கிட்டக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு..." அவள் முடிக்கவில்லை. அறை அவளுக்காக நீளமாக ஓர் உம் கொட்டியது. "பூட்டுனவ நானாச்சே. பயந்துட்டேன், கண்ணு."

டேப்பின் முனை சக்கரத்திலிருந்து கழன்று சுழன்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. லுவீனியா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். திடீரென்று எல்லாம் தூரத்தில் கேட்பது போலிருந்தது.

லின்வுட் அருகில் வந்து தணிந்த குரலில், "லூவி, உன் குரல மட்டும் எப்படியாவது எடுத்துரலாம். கடைசியில படமே இல்ல, கறுப்பாத்தான் ஓடும்" என்றான்.

"கறுப்பா ஓடட்டும். என் குரல்ல கைய வச்சா உன் கேமராவ ஆத்துல போட்டுருவேன்."

"அது இரவல் கேமரா."

"அதான் போடுவேங்கறேன்."

துடைப்பக்கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு மிஸ் ஆர்டெல்லாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். கையைத் தொடவில்லை. தொட முடியவில்லை. பிற்பாடு எப்போது கேட்டாலும், மன்னித்தாயா என்ற கேள்விக்கு அவள் தோளைத்தான் குலுக்கினாள்.

"உள்ள போறதுக்கு முன்னால அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னா."

"எப்படிச் சொன்னாங்க? அதே மாதிரி சொல்லுங்க."

கிழவி கண்ணை மூடினாள். அவள் தொண்டையிலிருந்து அவளுடையதல்லாத ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதட்டல், வாக்கியத்தின் முடிவில் மேலே ஏறுகிற ஓர் இழுப்பு. "ஆர்டி, அழுதுக்கிட்டு நிக்காத, கதவப் பாரு. நான் இப்ப வந்துர்றேன்."

ஆஸ்பத்திரி போர்டில் அந்த இழுப்போடுதான் பதின்மூன்று வருஷமாக லுவீனியா, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவியின் தொண்டையில் வந்த அந்தக் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. டீக்கன் ஹாஸ்கின்ஸ் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த பொண்டாட்டி அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள். அந்தக் குரல் லுவீனியாவின் காதில் தங்கட்டும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.