நாலரை மணி பஸ்

ஏரலில் பள்ளி விட்டதும் நாலரைக்கு எங்கள் ஊர் வழியாக ஒரு பஸ் போகும். பத்தாவது படித்த வருடம் நானும் என் மூன்று தோழிகளும் அதில் ஏறியதே இல்லை. எதிரே வந்து நிற்கும். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்.

அதுவரை அந்த நிழற்குடை எங்களுடையது. காலை நீட்டி உட்காரலாம். மிளகாய்ப்பொடி தொட்டு மாங்காய் தின்னலாம். வாய்விட்டுச் சிரிக்கலாம். ஊரில் எங்கள் வயதுப் பையன்களுக்கு ஆற்றங்கரை உண்டு, அறுத்த வயலில் கிரிக்கெட் உண்டு. இருட்டி வந்தாலும் எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை. அப்பாவே சாயங்காலமானால் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டும். நான் வாசலில் சும்மா நின்றால் போதும், "ஏளா, அங்கன என்ன வேல?" என்று அம்மா குரல் வந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டுக்கு ஒரு பொய் வைத்திருந்தோம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாகியிருந்த நேரம். "ஓசி டிக்கெட்டுன்னு நிறுத்தாமப் போறான்மா" என்றதும் அம்மா நம்பிவிட்டாள். அப்பா ஒரு படி மேலே போய் நம்பினார். அதுதான் வினையாயிற்று.

"பிள்ளையள ரோட்டுல விட்டுட்டுப் போறானா? நாளைக்கு அவன் சட்டையப் பிடிக்கேன் பாரு!"

சொன்னபடியே மறுநாள் பைக்கில் ஏரலுக்கு வந்து, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றார். எங்களுக்கு உயிரே இல்லை. குட்டு உடைந்தால் இனி தினமும் ஐந்து மணிக்கே வீடு, குடம், பாத்திரம்.

பாழாய்ப்போன பஸ், சரியாக எங்கள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்த, கண்டக்டர் படியில் நின்றபடி கத்தினார்: "ஏ பிள்ளையளா, இன்னைக்காவது ஏறுவியளா, இல்ல வழக்கம்போல ஆறு மணி வண்டிதானா?"

நாங்கள் அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

அப்பா எங்களைப் பார்த்தார். என் கையிலிருந்த மாங்காயைப் பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவந்து என் மடியில் வைத்தார். "அடுத்த வண்டிக்கு நேரம் கெடக்குல்லா, தின்னுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

வீட்டில் அம்மா கேட்டதற்கு, "அவன் ஒரு மாதிரி ஆளு, சொன்னாக் கேக்க மாட்டான். பிள்ள ஆறு மணி வண்டியிலயே வரட்டும்" என்றார்.

ஹாரன் சத்தத்தில் கண்டக்டர் பேச்சு அப்பா காதில் விழவில்லை என்று நாங்கள் முடிவுகட்டினோம். தோழி ஒருத்தி பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய்கூட உடைத்தாள். வாழைத்தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால், வீட்டில் நல்ல உறக்கத்தில் இருந்தாலும் எழுந்து ஓடுகிறவர் அப்பா. அந்தக் காதுக்குத்தான், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று கத்திய ஆளின் குரல் கேட்கவில்லை என்று நான் முழு மனதோடு நம்பினேன்.