பிணம் எழுந்து கத்தினால் யார் நம்புவார்

அந்த அங்கிள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது நான் அவருக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தேன். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் எஸ்கேப் ரூமில் நான் பிணம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக அன்றைக்கு நடந்ததை எழுதச் சொல்லி ஷாலினி என் உயிரை வாங்குகிறாள். ஷாலினி எங்கள் கேம் மாஸ்டர். தனி அறையில் உட்கார்ந்து சிசிடிவியில் விளையாட்டைப் பார்த்து, திணறுகிறவர்களுக்கு ஸ்பீக்கரில் க்ளூ கொடுப்பவள். "நான் சொன்னா கதை விடுறேன்னு நினைப்பாங்க அண்ணே. நீங்க எழுதுங்க, பிணம் சொன்னா கேப்பாங்க" என்றாள். சரி, பிணம் சொல்கிறது, கேளுங்கள்.

1. எப்படிச் சாவது

நான் காப்பார் என்ற ஊர்க்காரன். பல வருஷம் லோரி ஓட்டினேன். லீவு நாட்களில் டிவி நாடகத்தில் சின்னச் சின்ன வேஷம். டைலாக் கொடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். செத்துக் கிடக்கச் சொன்னால் ஈ மொய்த்தாலும் அசைய மாட்டேன். அதனால் டைரக்டர்கள் என்னை விடாமல் கொன்றார்கள். நம்ம ஊர்ச் சேனலில் சக்கைப்போடு போட்ட அந்தத் துப்பறியும் தொடரில் இரண்டு தடவை செத்தேன், ஒரு தடவை மீசையோடு, ஒரு தடவை மீசை இல்லாமல். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. தொடரின் பெயரை இங்கே போட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தொடர் முடிந்த பிறகு அதை வைத்துத்தான் இந்த ரூமைக் கட்டினார்கள். வருகிறவர்கள்தான் துப்பறிவாளர்கள். போனை வெளியே லொக்கரில் பூட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். கதவு மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்து, பூட்டில் சரியான நம்பரைப் போட்டால் கதவு திறக்கும். முதலில் பொம்மைப் பிணம்தான் வைத்திருந்தார்கள். யாரும் பயப்படவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் முதலாளி எனக்கு ரப்பர் கத்தியை நெஞ்சில் கட்டிவிட்டுச் சொன்னார்: "சுப்ரா அண்ணே, என்ன ஆனாலும் நீங்க பிணம். கிள்ளுவாங்க, கிச்சுகிச்சு மூட்டுவாங்க, அசையக் கூடாது. அப்புறம் ஆன்சர். உயிரே போனாலும் ஆன்சர மட்டும் சொல்லிடாதீங்க. அது வெளிய போச்சுன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான் லா."

"உயிர்தான் ஏற்கெனவே போச்சே பாஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு விஷயம். தொடரில் ஒவ்வொரு கதையிலும் முடிவுக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு பிணம் விழும். அதை எங்கள் ரூமிலும் வைத்தார்கள். விளையாட வரும் குடும்பத்தில் ஒருவர் முன்கூட்டியே ஷாலினியோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவில் திடீரென்று "செத்து" விழலாம். மற்றவர்கள் அலறுவார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறந்தநாள் என்றால் இது இல்லாமல் நடக்காது. இன்டர்நெட்டில் ரிவ்யூ எழுதுகிறவர்களும் இதையே எழுதினார்கள். உள்ளே போனால் எதையும் நம்பாதீர்கள், கண்ணால் பார்ப்பதைக்கூட நம்பாதீர்கள் என்று. படித்துவிட்டு முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

2. சனிக்கிழமை மத்தியானம்

வந்தது நான்கு பேர். சிவஞானம் அங்கிள், அவர் மனைவி தவமணி ஆன்டி, மகள் மைதிலி, மருமகன் ரமேஷ். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், பெரியவர்கள் இரண்டு பேர் பேச்சிலும் அது அப்படியே இருந்தது. அங்கிள் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிட்டயர்டானவர். அன்றைக்கு ஆன்டிக்குப் பிறந்தநாள். தொடரை ஒரு எபிசோட் விடாமல் பார்த்தவர் ஆன்டிதான்.

உள்ளே வந்ததும் முதல் காரியமாக என் நெஞ்சிலிருந்த கத்தியை ஆட்டிப் பார்த்தார். "மைதிலி, பிணம் மூச்சு விடுது!"

"பாவம்மா, விடுங்க" என்றாள் மகள்.

அங்கிளுக்கு இதிலெல்லாம் இஷ்டமே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "எனக்கொரு கதிரை தாருங்கோ. நீங்கள் கொலைகாரனைப் பிடியுங்கோ" என்றார்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு என்ர பிறந்தநாள். கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

நாற்காலி கிடைக்காமல் நின்றார் பாவம். மற்ற மூன்று பேரும் அலமாரியைக் குடைந்தார்கள், பியானோவைத் தட்டினார்கள், கொன்றது கதையில் வரும் பங்களாவின் டிரைவரா சமையல்காரியா என்று சண்டை போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டம் போயிருக்கும். என் தலைக்கு மேலே அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "தவம், எனக்கு நெஞ்சு நோகுது."

அடுத்தது தொம் என்று ஒரு சத்தம்.

ரூலை மீறி அரைக்கண் திறந்தேன். நடிக்கிறவன் விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் விழுவான். கையை ஊன்றுவான், தலையைக் காப்பாற்றிக்கொள்வான். எத்தனை தடவை விழுந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அங்கிளின் தலை இரும்புக் கட்டில் காலில் போய் மோதியது. தடுக்கக் கை வரவில்லை. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. ஏர்கோன் குளிரில் எனக்கே உடம்பு விறைக்கும், அவர் நெற்றியில் வேர்வை கொட்டியது.

மேலே ஒரே கைதட்டல்.

"செகண்ட் பாடி! செகண்ட் பாடி!" என்று ரமேஷ் குதித்தார்.

"பார் உன்ர அப்பாவை! கதிரை கேட்டுக் கேட்டே என்னைப் பேய்க்காட்டிப் போட்டார்!" என்று ஆன்டி வளையல் குலுங்கக் கைதட்டிச் சிரித்தார்.

நான் எழுந்துவிட்டேன். நெஞ்சில் கத்தி ஆடுகிறது, சட்டையெல்லாம் ரத்தச் சாயம். "ஆக்டிங் இல்லங்க! அங்கிளுக்கு நெஜமாவே முடியல! ஆம்புலன்ஸ் கூப்பிடணும்!"

மூன்று பேரும் ஒரு கணம் வாயைப் பிளந்தார்கள். பிறகு முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

"ஐயோ, முதல் பிணமும் எழும்பிட்டுது!" என்றார் ஆன்டி.

"இது ரிவ்யூல வரவே இல்ல! செம லா!" என்றார் ரமேஷ்.

கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். ஷாலினி அந்த நேரம் பக்கத்து ரூம் ஸ்க்ரீனில் இருந்தாள். அங்கே ஒரு சின்னப் பிள்ளை ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததாம். கதவுக்குப் பக்கத்தில் அவசரத்துக்கென்று ஒரு பச்சை பட்டன் உண்டு. ஓடிப்போய் அமுக்கினேன். கதவு திறந்தது. அப்பாடா என்று ஒரு கால் வைத்திருப்பேன், ரமேஷ் பாய்ந்து வந்து கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார்.

"யாரும் வெளிய போகாதீங்க! போனா கேம் ஓவர். இது ட்ராப்."

"தம்பி, ஒதுங்குங்க! உங்க மாமனார் செத்துருவாரு!"

"சூப்பர் ஆக்டிங் அண்ணே!"

கத்தியைப் பிய்த்து எறிந்தேன். முகத்துச் சாயத்தைக் கையால் வழித்துக் காட்டினேன். "பாருங்க, இது கலர். நான் நடிக்கிறவன். அவர் நடிக்கல." கை கூப்பினேன். அழுகையே வந்துவிட்டது. ஆன்டி மகளிடம் சொல்கிறார்: "டைலாக் நல்லாய்ப் பேசுறான், என்ன?" வாழ்நாளில் என் டைலாக்கை யாரும் பாராட்டியதில்லை. அன்றைக்குத்தானா பாராட்ட வேண்டும்! நான் கெஞ்சக் கெஞ்ச அவர்களுக்கு நடிப்பு நன்றாகிக்கொண்டே போனது. கீழே அங்கிளின் விரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

கடவுளே, இவர்களை எப்படி நம்ப வைப்பது? இந்த ரூமில் ஒரு நடிகன் செய்யவே மாட்டாத காரியம் என்ன? அப்போதுதான் பொறி தட்டியது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"டிரைவர்தான் கொலைகாரன்! அவன் சட்டை பட்டன் பியானோக்குள்ள கிடக்கு! பூட்டு நம்பர் ஏழு, நாலு, ஒண்ணு, ஒம்போது! போதுமா? கேம் முடிஞ்சுபோச்சு! இனிமே விளையாட இங்க ஒண்ணுமே இல்ல!"

கைதட்டல் நின்றது. ரமேஷ் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகுதான் கீழே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆன்சரைப் போட்டு உடைக்கிறவன் விளையாடவில்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அப்பா!" என்று மைதிலி அலறினாள். அந்த ரூமில் நாளெல்லாம் அலறல் கேட்கிறவன் நான். இந்த அலறலுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

ரமேஷ் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஷாலினி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வந்தவர்கள் மாடியேறி உள்ளே நுழைந்ததும் நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்து அமுக்கினார்கள். "பாச்சிக், பாரிங், பாரிங்!" என்று மலாயில் அதட்டினார்கள். சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஒரு கிழவன் நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள், படுக்கத்தான் சொல்வார்கள். "புக்கான் சாயா! டியா, டியா!" நான் இல்லை, அவர், அவர் என்று கத்தி அங்கிளைக் காட்டினேன். அதற்குள் என் குரலே போய்விட்டது.

3. அப்புறம்

அங்கிள் பிழைத்தார். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள்.

முதலாளிக்குப் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆன்சர சொல்லிட்டீங்களா?" எனக்கு வந்த கோபத்துக்குத் தமிழ், மலாய் இரண்டிலும் திட்டினேன். பிறகு "ஸாரி அண்ணே" என்றார். நல்ல மனுஷன்தான், அதிர்ச்சியில் வாய் முந்திக்கொண்டது.

இப்போது இரண்டாவது பிணம் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நான் எழுந்து நின்று கை கொடுத்து, "வணக்கம், என் பேரு சுப்ரமணியம், காப்பார்லேருந்து வரேன். நான் எழுந்திரிச்சு உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது விளையாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போய்ச் சாகிறேன். த்ரில் போய்விட்டது என்று யாராவது முனகுவார்கள். முனகட்டும். பிள்ளைகளே, வேஷம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் சொந்தக் குரலை அவர்கள் காதில் போட்டு வையுங்கள். பொய்க் குரலை மட்டுமே கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்ல நேரம் போதாது. அன்றைக்கு எனக்கு எப்படியோ நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிளைப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். வார்டு வாசலில் ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. "தம்பி, அவர் நோகுதெண்டு எனக்குத்தான் சொன்னவர். நான் கை தட்டினனான். அந்த மனுசன் கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒரு பகிடி விட்டதில்லை. எனக்குத் தெரியாதே? தெரிஞ்சும் தட்டினனே!" நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனார், நான் தடுத்தேன். "அவருக்குச் சொல்லிப் போடாதையுங்கோ" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

உள்ளே அங்கிள் என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கண் காட்டினார். குனிந்தேன்.

"எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான் தம்பி. வாய் திறக்கத்தான் முடியேல்லை. நல்லாய்க் கை தட்டினது அவதான். காப்புச் சத்தம் எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் கேட்டது அவவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அதுவே அவவைத் திண்டுபோடும்."

சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குள் ஆன்டி ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்து கோப்பையில் ஹார்லிக்ஸ் ஊற்றி அவரிடம் நீட்டினார். நீட்டிய கையை அங்கிள் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆன்டியின் இரண்டு கையிலும் வளையல் இல்லை. கழற்றி வைத்திருக்கிறார்.

அங்கிள் கோப்பையை வாங்கவில்லை, அந்த வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தவம், காப்பை எடுத்துப் போடு. நான் இருக்கிறன்தானே."

ஆன்டி அவர் முகத்தைப் பார்த்தார். தான் தட்டியது அவர் காதில் விழுந்திருக்கிறது என்று ஆன்டிக்குப் புரிந்துவிட்டது. கோப்பையை மேசையில் வைத்தார். நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.