குடையை இறக்கிவிட்ட கண்டக்டர்

போன திங்கட்கிழமை காலை தோவாளையில் ஒரு குடை பஸ் ஏறியது.

ஆள் ஏறவில்லை. குடை மட்டும்தான். பண்ணையாரின் வேலையாள் அதைக் கொண்டுவந்து டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் படுக்க வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்றுகொண்டான். நாகர்கோவில் போகிற எங்கள் பஸ்ஸில் இது பழைய வழக்கம். குடை ஏறிவிட்டால் பண்ணையாரே ஏறிவிட்டதாகக் கணக்கு. அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கஞ்சி குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிற வரைக்கும் வண்டி நிற்கும். டிரைவர் அவ்வப்போது ஹார்னை அமுக்குவார். அவசரப்படுத்துவதற்கு அல்ல — 'இன்னும் நிற்கிறோம்' என்று தெரிவிப்பதற்கு!

யாராவது முணுமுணுத்ததுண்டா? மூச்! டிக்கெட் வாங்கிய எங்களைவிட டிக்கெட் வாங்காத குடைக்கு மதிப்பு அதிகம். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் அன்றைக்குக் கண்டக்டர் புதிது. ஞானமுத்து என்று பெயர். இருபது வயது இருக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கிராப்புத் தலை, காக்கிச் சட்டை, காதில் பென்சில்... நம் பெரியவர்களுக்கு எரிச்சல் மூட்டும் லட்சணங்கள் அத்தனையும் பொருந்தியவன். எனக்கும் கிராப்பு பிடிக்காது. அதை ஒளிப்பானேன்?

பெரிய மனிதரைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்பது நம் ஊரின் எழுதாத சட்டம். இந்தக் காலத்துப் பையன்கள் தோளில் துண்டே போடுவதில்லை. எதை இறக்குவார்கள்? 'மரியாதை கெட்ட பிள்ளைகள்' என்று கோவில் வாசலிலும் சந்தையிலும் புலம்பல் கேட்கிறதே, அதற்குப் பாதிக் காரணம் இந்தத் துண்டுதான் என்று நினைக்கிறேன்.

இருக்கட்டும். வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின் ஸீட்டில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, மைக்கூட்டைக் கையில் பொத்திக்கொண்டு தவித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, வண்டி இப்ப போவுமா? இன்னைக்குக் கடைசிப் பரீட்சையாக்கும். மணி அடிச்சுட்டா உள்ள விடமாட்டாவ..." என்று ஞானமுத்துவிடம் கேட்டாள்.

ஞானமுத்து டிரைவரிடம் மணி கேட்டான். புறப்படுகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவன் முன்பக்கம் போய்க் குடையை எடுத்தான். கீழே நின்ற வேலையாளிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி, ஐயாகிட்ட சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு, நிக்க முடியல்ல. மன்னிக்கணும். அடுத்த வண்டியில ஐயாவுக்கு நல்ல இடமா பாத்து வைக்கச் சொல்லுகேன்."

"ஏலே, இது யாரு குடைன்னு தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் ரெண்டு கையாலயும் தாறேன்."

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. பஸ் நிற்கிற ஷெட்டு பண்ணையாரின் நிலத்தில் இருக்கிறது. முன்பிருந்த கண்டக்டர் அவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ஞானமுத்துவுக்கோ தகப்பன் இல்லை. இவன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

"மக்கா, உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும் அண்ணே. வண்டிய எடுங்க."

காலியான முன் ஸீட்டில் உட்கார எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண்ணை அழைத்து ஞானமுத்து அங்கே உட்கார வைத்தான்.

வண்டி மெல்லத் திரும்பியதும் பார்க்கிறோம் — வயல் வரப்பில் குறுக்கு வழியாகப் பண்ணையார் ஓடி வருகிறார்! ஆம், ஓடித்தான் வந்தார். அந்த உடம்பு ஓடும் என்று அன்றுவரை அவருக்கே தெரிந்திருக்காது. ஞானமுத்து உடனே வண்டியை நிறுத்தினான். குதித்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, வாங்க. பைய ஏறுங்க. தாமதிக்க முடியல்ல, மன்னிக்கணும்."

உள்ளே ஆண்கள் பக்கம் இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு ஒன்றில்தான் இடம் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். சுடலையாண்டி. பண்ணையாரின் வயலில் உழுகிறவர். வீங்கின காலை ஆஸ்பத்திரியில் காட்டப் போய்க்கொண்டிருந்தார். எஜமானைக் கண்டதும் அந்தக் காலோடு துள்ளி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானமுத்து அவர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, நீங்க ஏன் எந்திரிச்சீங்க? காலு வலிக்கும்லா? வாங்க, பைய இருங்க." அவர் கையையும் பிடித்தான். "சொல்லாம வண்டிய எடுத்ததுல குலுங்கியிருக்கும். மன்னிக்கணும்."

சுடலையாண்டி பெஞ்சின் ஓரத்தில், உட்கார்ந்தும் உட்காராமலும் ஒட்டிக்கொண்டார். பண்ணையார் உட்காரவில்லை. நாகர்கோவில் வரைக்கும் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே வந்தார். பரீட்சைக்குப் போகிற பெண் இறங்கி ஓடினாள். மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் பஸ் முதலாளி என்னை நாகர்கோவில் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் சாட்சி. பண்ணையார் நாற்காலியில் இருந்தார். ஞானமுத்து சுவரோரம் நின்றான். முந்தின நாள் இல்லாத பயம் அவன் முகத்தில் இருந்தது. இருக்காதா? வேலை போனால் வீட்டில் என்ன சொல்லுவான்?

"மரியாதை தெரியாத பயல். இண்ணைக்கே சீட்டக் கிழிச்சு அனுப்பும்" என்றார் பண்ணையார்.

முதலாளி நிதானமான மனிதர். "மரியாதைக் குறைவா என்ன சொன்னான்? அவன் சொன்னத அப்படியே சொல்லும், கேப்போம்."

"'ஐயா, வாங்க'ன்னான்."

"சரி."

"'பைய ஏறுங்க'ன்னு கையப் பிடிச்சான்."

"சரி..."

"'மன்னிக்கணும்'ன்னான்."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படித்தானா?" என்றார். அப்படித்தான் என்றேன். "இதுல என்னவே குத்தம்?"

பண்ணையாருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மேஜையைத் தட்டினார்.

"அவ்வளவையும் அந்தச் சுடலையாண்டிக்கும் சொன்னான்வே!"

முதலாளி ஞானமுத்துவிடம் திரும்பினார். "நெசமாலே?"

"ஆமா முதலாளி." சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். "ரெண்டு பேருக்கும் எங்க அப்பா வயசு. ஒருத்தர ஐயான்னுட்டு இன்னொருத்தர ஏலேன்னு கூப்பிட எனக்கு வாய் வரல்ல. இனியும் வராது."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷெட்டை நினைத்தாரோ, எதை நினைத்தாரோ... கடைசியில் பண்ணையாரைக் கேட்டார்.

"உமக்குள்ள மரியாதையில அவன் ஒண்ணும் குறைக்கல்லல்லா?"

பண்ணையார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஞானமுத்து, நேரமாச்சு. நீ வண்டிக்குப் போ."

பையன் எங்கள் மூன்று பேரையும் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கம் இல்லை. முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. அந்தப் பையனின் தாயாரைப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்போலவும் இருந்தது.

வாசகர்களே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று நீங்களும்தானே சொல்லுகிறீர்கள்? நன்றாகத் தெரிகிறது. நாம் ஆள் பார்த்து, சட்டை பார்த்து, வீட்டு வாசலின் அகலம் பார்த்துக் கொடுத்ததை அவர்கள் எதிரே வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது குறைந்துபோனதாகப் படுகிறது. கிராப்பு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லைதான். தலைக்குள்ளே இருப்பது பிடித்திருக்கிறது.

நாங்கள் மூவரும் இன்னும் ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது கதவருகே மறுபடியும் அந்தக் கிராப்புத் தலை எட்டிப் பார்த்தது.

"ஐயா, தோவாளை வண்டி பொறப்படுது. இத விட்டா இனி சாயங்காலந்தான். வாறீங்களா?"

பண்ணையார் எழுந்து வேகமாக நடந்தார். இவன் நிறுத்தி வைக்கமாட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே!