நாலு டயரும் நாலாவது தேசிக்காயும்

எங்கள் பிக்கப்புக்கு டயர் மாற்றுவது பற்றி வீட்டில் கூட்டம் கூடியபோது அதிகம் பேசியவர் மாமா. அம்மாவின் தம்பி. அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. அதற்குக் காற்றடிக்கிற பம்ப் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஆனாலும் வாகனம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பாவின் தொழில் பால் எடுப்பது. அன்புவழிபுரத்திலிருந்து விடியப் புறப்பட்டு, தம்பலகாமம் வயல்களுக்கு அப்பால் இருந்த மாட்டுப் பட்டிகளுக்குப் போய்ப் பால் வாங்கி, திருகோணமலை டவுனில் தயிர் போடுகிறவர்களுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும் கொண்டுவந்து கொடுப்பார். சண்டைக் காலம் அது. போகிற பாதையில் பாதி தார். மீதிக்குப் பாதை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்கிற பெயர். கோடையில் புழுதி, மாரியில் முழங்கால் சேறு. நடுவில் சோதனைச் சாவடி. பொழுதுபட்டால் அதை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் அகப்பட்டாரோ அவர் அந்தப் பக்கம்தான்.

அந்த மாரியில் ஒருநாள் அப்பா வீட்டுக்கு வரவில்லை. மத்தியானம் வரவேண்டியவர். அம்மா வாசல் படலைக்கும் குசினி அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் பாணும் சீனியும் தந்தார்கள். மறுநாள் காலை அப்பா வந்தார். தொடைவரை சேறு. பிக்கப் வயல் பாதையில் புதைந்துவிட்டதாம். டயர்கள் நான்கும் தேய்ந்து மொட்டையாகி வெகுநாள். சுற்றுகிற இடத்திலேயே சுற்றி இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டனவே தவிர, ஒரு சாண் நகரவில்லை. விடிந்த பிறகு பட்டிக்காரர்கள் சேர்ந்து தள்ளி எடுத்துவிட்டார்களாம். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய்ப் பெரிதாக அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்.

"முதல்ல டயரை மாத்துங்கோ. அதுக்குப் பிறகு வாகனம் வெளிக்கிட்டால் போதும்."

கூட்டம் கூடியது அதனால்தான். மாமா எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போனார்.

"அத்தான், ஆமி ட்ரக்குக்குப் போடுற மாதிரி பெரிய கட்டம் வெட்டின டயர் போடுங்கோ. காடு மேடு ஒண்டும் பாக்காது. ஏறும்."

"ஏறும் எண்டுதான் எனக்குப் பயம்," என்றார் அப்பா. "சாவடிச் சென்றியில நிக்கிறவன் டயரைப் பாத்தே கேப்பான், எந்தக் காட்டுக்குப் போறாய் எண்டு. ஆரின்ர கண்ணிலயும் படாத டயர்தான் நல்ல டயர்."

அப்பாவின் ஆசை பழையபடி சாதாரண டயர். தாரில் சத்தம் போடாது, டீசல் குடிக்காது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அந்த நாட்களில் பெரிய கட்டம் போட்ட டயர் ஆமியிடம் இருந்தது. ஆமி யாரைத் தேடியதோ அவர்களிடமும் இருந்தது. பால்காரரிடம் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

"சேத்தில இறுகினால்?" என்று அம்மா கேட்டார்.

 மாமா வாயைத் திறக்கப் போனார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

டயர் கடைக்கு அம்மாவும் வந்தார். அந்தக் கடைக்குள் ஒரு பெண் வந்து கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் தோளில் கிடந்த துவாயால் கதிரையை இரண்டு முறை துடைத்தார். நான் அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குள் இறங்கி, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். புது றப்பர் மணம் எனக்கு மிகவும் பிடித்தது. டயர் தெரிவுக்கு என் பங்கு முக்கியமானது என்று முழுமனதாக நம்பினேன்.

நானா மூன்று வகையை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்று அப்பாவின் சாதாரண டயர். ஒன்று மாமாவின் ட்ரக் டயர் மாதிரி. மாமா அதைத் தட்டிக் கொடுத்தார். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். நடுப்பகுதியில் சின்னச் சின்னக் கட்டம், தாரில் ஓடுவதற்கு. ஓரங்களில் அகலமான வெட்டு, சேற்றைப் பிடிப்பதற்கு. அந்த வெட்டுக்குள் என் இரண்டு விரல்களையும் சேர்த்து விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போயின. "இது இரண்டுங்கெட்டான்," என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

நானா ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் விளக்கமாகச் சொன்னார். மழைத் தாரில் எது வழுக்கும், எது எத்தனை நாள் உழைக்கும், எது சத்தம் போட்டுக் காதைத் தின்னும் என்றெல்லாம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, இதில எது பொழுதுபட முதல் இவரை வீட்ட கொண்டு வரும்?"

நானா துவாயை மறு தோளுக்கு மாற்றினார்.

"வீட்ட கொண்டு வந்து சேக்கிறது அல்லாஹ், தங்கச்சி. சேத்துக்க விட்டுட்டு நிக்காம இழுக்கிறதுக்கு இது போதும்," என்று இரண்டுங்கெட்டானைக் காலால் தொட்டுக் காட்டினார்.

அத்தோடு முடிவாகிவிட்டது. அப்பா அரை மனதோடு தலையாட்டினார். அன்று பின்னேரமே நான்கும் பூட்டியாயிற்று. முற்றத்தில் வந்து நின்ற எங்கள் பழைய பிக்கப், காலில் புதுச் சப்பாத்துப் போட்ட கிழவரைப் போல இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா, "நாளைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். "பள்ளிக்கூடம் லீவுதானே."

அப்பா சோற்றில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தார். "தேவையில்லை," என்றார்.

"போகட்டும். புது டயர். சென்றியில கேப்பாங்கள்."

அப்பா சோற்றைப் பிசையத் தொடங்கினார். எனக்கு நித்திரை வரவில்லை. டயர் கடையில் நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பரிசு என்றுதான் நினைத்தேன். காலையில் அம்மா எனக்குப் பிறந்தநாள் சட்டையைப் போட்டுவிட்டார். மாட்டுப் பட்டிக்குப் போவதற்குப் பிறந்தநாள் சட்டையா என்று எனக்கே தோன்றியது. புது டயருக்குப் புதுச் சட்டைதானே பொருத்தம் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

புறப்படும் முன் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைக்க வேண்டும். நான்கு டயருக்கும் நான்கு. வாகனம் ஏறி நசித்துவிட்டுப் போனால் கண்ணூறு திருஷ்டி எல்லாம் அதோடு போய்விடும். மாரி அடித்து எங்கள் மரத்தில் பழம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பாக்களவு பிஞ்சுகள்தான், கல்லுப்போல. அம்மா தேடி நான்கைப் பறித்தார். பிக்கப்பின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, பிஞ்சுகளை டயர்களுக்கு முன்னால் வைத்தார். அப்பா மெல்ல ஏற்றினார். குனிந்து பார்த்த அம்மாவின் முகம் மாறியது. மூன்று நசிந்திருந்தன. முன் டயரின் கீழ் வைத்த ஒன்றைக் காணவில்லை.

"மண்ணுக்க போயிருக்கும்," என்றார் அப்பா.

"காகம் கொண்டு போயிருக்கும்," என்றார் மாமா, டயரின் கீழிருந்து காகம் எப்படிக் கொண்டுபோகும் என்று யோசிக்காமல்.

அம்மா மண்ணைக் கிளறிப் பார்த்தார். மரத்திலும் வேறு இல்லை. அப்பாவுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் புறப்பட்டபோது அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு, போகவும் விட ஏலாமல் மறிக்கவும் ஏலாமல் நின்றார்.

சோதனைச் சாவடியில் வரிசை நின்றது. எங்கள் முறை வந்ததும் அப்பாவை இறங்கச் சொன்னார்கள். அது வழமைதான். அடையாள அட்டையைக் காட்டி, வெறும் பால் கான்களின் மூடிகளைத் திறந்து காட்டினார். நான் முன் சீட்டில் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமிக்காரர்களில் ஒருவன் இளம் பொடியன். நான் முன்பு கண்டிராத முகம். அவன் புது டயரைச் சப்பாத்துக் காலால் தட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டான். அப்பாவின் சிங்களம் தொழிலுக்கு மட்டும் போதுமானது. கிரி, மட, கும்புர என்று பாலையும் சேற்றையும் வயலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது. போகச் சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன். அந்த நேரம் முன் டயரின் பக்கம் குனிந்தான்.

அடுத்த கணம் ஏதோ கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மற்றவர்களும் ஓடினார்கள். ஒருவன் அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்து மண்மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். வரிசையில் நின்ற சனம் சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வீதியில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நான் மட்டும்தான். எங்கோ குளவி கலைந்துவிட்டது என்று நினைத்தேன். குளவி உள்ளே வராதபடி கண்ணாடியைக் கவனமாக ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அப்போது அப்பாவின் குரல் கேட்டது. "பிள்ளை உள்ளுக்க, பிள்ளை உள்ளுக்க" என்று தமிழில் கத்தினார். பிடித்திருந்தவனை உதறிவிட்டு மூட்டைகளுக்கு வெளியே வந்தார். துவக்கு அவர் பக்கம் திரும்பியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடியே அப்பா ஓடிவந்தார். கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகு நான் ஓடிப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து என்னைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார். நான் தலைகீழாகத் தொங்கினேன். அந்தத் தொங்கலில்தான் டயரின் ஓர வெட்டுக்குள் பச்சையாக, உருண்டையாக, ஒரு காயமும் இல்லாமல் இறுகியிருந்ததைக் கண்டேன்.

"அப்பா, அம்மாவின்ர தேசிக்காய்."

இரண்டு மூன்று அடி ஓடிய பிறகுதான் அவருக்கு அது காதில் ஏறியது. நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு நடு வீதியில் அப்படியே உட்கார்ந்து, என்னை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவருடைய தொடை நடுங்கியதில் நானும் சேர்ந்து குலுங்கினேன்.

ஆமிக்காரர்களில் வயதான ஒருவர் மெல்ல வந்தார். அப்பா டயரைக் காட்டினார், கும்பிட்டுக் காட்டினார், கற்பூரம் சுற்றிக் காட்டினார், உள்ளங்கையால் தார் வீதியை அமர்த்தி நசித்துக் காட்டினார். அந்த ஆள் எட்ட நின்று குனிந்தார். கிட்டப் போய்க் குந்தினார். பிக்கப்பின் முகத்தில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஊரிலும் புது வாகனத்துக்குத் தேசிக்காய் வைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டைகளின் பக்கம் திரும்பி, குண்டு இல்லை என்பதுபோலக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அங்கிருந்து வெடித்துக் கிளம்பிய சிரிப்பு ஒரு தேசிக்காய்க்கு மிகவும் அதிகம். முதலில் கத்திய பொடியன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வயதானவர் ஒரு குச்சியால் பிஞ்சைக் கிளப்பி எடுத்தார். எறிந்துவிடுவார் என்று பார்த்தால், தார் வீதியில் டயருக்கு முன்னால், நடுப்பகுதிக்கு நேராக வைத்துவிட்டு, ஏறும்படி அப்பாவுக்குக் கை காட்டினார். அப்பா ஏற்றினார். டப் என்றது. சாவடியே கைதட்டியது.

வயல் பாதையில் அன்றைக்குச் சேறு குறைவில்லை. பிக்கப் புதைந்த இடம் வந்ததும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டுங்கெட்டான் ஒரு முறை வழுக்கியது, ஒரு முறை உறுமியது, பிறகு ஓரத்தால் பிடித்து ஏறிவிட்டது. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது சாவடியில் எங்களை நிறுத்தவேயில்லை. "தெஹி மஹத்தயா" என்று கூப்பிட்டுக் கை காட்டினார்கள். தேசிக்காய் ஐயா என்ற அந்தப் பெயர், அங்கே நின்ற ஆட்கள் மாறும் வரைக்கும் அப்பாவை எத்தனையோ முறை சோதனையில்லாமல் கடத்திவிட்டது.

மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா முற்றத்தில் நின்றபடியே தேசிக்காய் கதையைச் சொன்னார். மாமா காகத்தை மறந்துவிட்டு, தனக்கு முதலே தெரியும் என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா சொல்லாமல் விட்ட பகுதியை நான் சேர்த்துவிட்டேன்.

"எல்லாரும் ஓடிட்டினம் அம்மா. நான் மட்டும்தான் உள்ளுக்க இருந்தனான். நான் பயப்படேல்லை."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தார். அப்பா பால் கானை இறக்கப் போனார்.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தலையோடு வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். "நாளைக்கு நீ போகவேண்டாம்," என்றார். "இனி ஒருநாளும் வேண்டாம்."

பிள்ளை இருக்கிற வாகனத்தைப் பெரிதாக மறிக்கமாட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்பா வீடு வந்து சேர, அம்மா டயரோடு என்னையும் பூட்டி அனுப்பியிருக்கிறார். இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு விளங்கியதெல்லாம், வாயைக் கொடுத்ததால் என் பிக்கப் பயணம் பறிபோனது என்பது மட்டும்தான். விக்கி விக்கி அழுதேன். இனி ஆருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த முறை எல்லாரும் ஓடினாலும் சத்தம் போடாமல் உள்ளேயே இருப்பேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா தண்ணீர் அள்ளுவதை விட்டுவிட்டு, ஈரத்தோடு ஈரமாக என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது. ஓம், போகலாம் என்று சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.