வெர்லின் அத்தான் போகாத மலை

மூன்றாவது குழந்தையை இழந்து என் மனைவி படுக்கையில் இருந்த குளிர்காலம் அது. காலையில் தொழுவத்துக்குப் போனால் குதிரைத் தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியை யாரோ உடைத்துப் போட்டிருப்பார்கள். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். யார் என்று தெரியாமல் சபையில் இரண்டு பேரிடம் நன்றி சொல்லி அசடு வழிந்தேன். மார்ச்சில் பனி உருகியதும் வேலியோரம் ஒரு கைக்கோடரி கிடைத்தது. அதன் பிடியில் என் அக்கா புருஷன் வெர்லின் லாம்பிரைட் சுட்டு வைக்கும் அடையாளம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதைத்தான் மாப்ள தேடிக்கிட்டிருந்தேன்" என்று வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அமெரிக்காவில், வடக்கு இண்டியானாவில், காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழ்கிற எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவ சபை இருக்கிற பக்கம் பூமி பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். அத்தான் இருபத்தெட்டு வருஷம் வண்டித் தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்தினார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டுக்கு ரயிலில் மேற்கே போயிருக்கிறார். விடிகிற நேரத்தில் அரைமணி நேரம் ஜன்னலில் மலை தெரிந்ததாம். பிறகு ரயில் திரும்பிவிட்டது. அந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்தார் மனிதர்.

ஐம்பது வயது தாண்டியதும், கொலராடோ மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போகலாம் என்று என்னிடமும் பக்கத்துப் பண்ணை மெர்வினிடமும் சொன்னார். எல்க் என்றால் நம் குதிரை உயரம் நிற்கிற மான். ஒன்று கிடைத்தால் மூன்று வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி.

"வழிகாட்டி ஒருத்தரை வச்சுக்கிட்டா ஆச்சு. மலையைப் பத்தி நமக்கு என்னண்ணே தெரியும்?" என்றான் மெர்வின்.

"அவர் காட்டிக் கொடுத்தா அது அவர் மலைடா. நாமளா கண்டுபிடிப்போம்."

"நாம கண்டுபிடிக்கிறதுக்குள்ள அந்த மானுக்குப் பல்லு விழுந்துரும்."

ஆறு வருஷம் ஆனது. அத்தான் தபாலில் வரைபடங்கள் வரவழைத்தார். நான்கு தாள்களை மாவுப் பசையால் ஒட்டி, சமையலறைக் கதவின் உள்பக்கம் மாட்டினார். சபை கூடாத ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் போவோம். ஓர்பா அக்கா சோளப்பொரியும் ஆப்பிளும் வைப்பாள். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வரைபடத்தின் உயரக் கோடுகளை ஊசி முனையால் எண்ணுவார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நாற்பது அடி உயரம். அடிக்கணக்கு எங்களுக்கு மனசில் நிற்கவில்லை. பண்ணையில் மாட்டுத் தீவனம் கொட்டி வைக்கிற எங்கள் கோபுரம் அறுபது அடி. அதனால் கோபுரத்தாலேயே மலையை அளந்தார்.

"கூடாரம் அடிக்கிற எடத்துலேருந்து மேல மேட்டு முகப்புக்கு இருபத்தெட்டு கோபுரம். தினம் ஒரு தடவை நம்ம கோபுரத்துல ஏறிப் பழகினா போதும்."

"தினம் ஒண்ணுன்னா இருபத்தெட்டாவது நாள்தான் அங்க போய்ச் சேருவோம்" என்றான் மெர்வின். அக்கா ஆப்பிள் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் ஏறினோம். முதுகில் மாட்டு உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு கோபுரத்து இரும்பு ஏணியில் ஏறுவோம், இறங்குவோம். வேட்டைக்காரன் தலையிலும் உடம்பிலும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்ட நிறம் உடுத்துவதில்லை. அத்தான் நேரே மூப்பரிடம் போய்க் கேட்டார். சட்டத்துக்குக் கீழ்ப்படிவது நல்லதுதான், மலையை விட்டு இறங்கியதும் கழற்றிவிடுங்கள் என்றார் மூப்பர். அக்கா ஆரஞ்சுத் துணியில் மூன்று மேலங்கியும் மூன்று தொப்பியும் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது மெர்வின், "கர்த்தர் வர்ற அன்னிக்கு முதல்ல நம்மளைத்தான் கண்டுபிடிப்பார்" என்றான்.

வரைபடத்தில் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு தாழ்வு இருந்தது. அதில் அத்தான் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார். "கோடு எல்லாம் இங்க உள்வாங்குது பாருங்க. இங்க ஒரு ஊத்து இருக்கணும். மானுங்க ராத்திரி மேஞ்சுட்டு விடியக்காலம் தண்ணிக்கு வரும். காலையில காத்து கீழ்முகமா இறங்கும், நம்ம வாடை மானுக்குப் போகாம இந்தப் பாறைக்குக் கீழ உக்காரணும்." தாளில் ஊற்று என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் அவருக்கு உயிர் துடித்தது. மானை விட அதுதான் பெரிதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வேட்டைக்கு உரிமம் எடுத்த வருஷம், ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், அத்தான் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நெற்றியைக் கம்பியில் சாய்த்திருந்தார். நான் கீழே நின்று கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. காத்து வாங்குறேன்."

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். அக்கா விடவில்லை, டவுனுக்கு அழைத்துப் போனாள். இதயம் பலவீனம், எட்டாயிரம் அடிக்கு மேல் போகவே கூடாது என்றார் டாக்டர். அத்தான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வரைபடத்தைப் பார்த்தார். "நம்ம கூடாரமே ஒன்பதாயிரத்து அறுநூறு" என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

நாங்களும் போகவில்லை என்று சொல்லிவிட்டோம். அவர் எங்களைக் கோபித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"ஆறு வருஷம் நான் சும்மாவா கோடு எண்ணினேன்? போங்க. போய் அந்த ஊத்து இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

வரைபடத்தைக் கதவிலிருந்து பிரித்து மடித்துக் கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். எந்த நாள் எந்தப் பக்கம், சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எத்தனை மணிக்கு மறையும், பனி விழுந்தால் எந்த வழி என்று எல்லாம் அந்த ஊர் மணிக்கணக்கில் எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் பிறகு சேர்த்தது. 'புதன். ஆறு மணி. போன்.' எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் போன் வைப்பதில்லை; அந்த நேரத்துக்குத் தோட்டத்துக் கோடியில் இருக்கிற போன் கொட்டகையில் தான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

அக்டோபரில் எங்களை வேனில் கூட்டிப்போன டென்னிஸ் எங்கள் சபை ஆள் இல்லை, ஆனால் நல்லவர். கூடாரம் அடிக்கும் இடம்வரை வந்து தங்கினார். செவ்வாய்க்கிழமை இருட்டோடு நானும் மெர்வினும் ஏறினோம். மூச்சு கிடைக்கவில்லை. மெர்வின் கோபுரம் கோபுரமாக எண்ணிக்கொண்டு வந்தான். இருபத்தெட்டு என்று அவன் சொன்ன இடத்திலிருந்து நாற்பது காலடிக்குள் மேட்டு முகப்பு வந்தது. வெளுக்கிற நேரத்தில் தாழ்வைப் பார்த்தேன். பாறை இருந்தது. பாறைக்கு மேலே கருப்பு மண்ணில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சேறு முழுக்கக் குளம்புத் தடம்.

மெர்வின் தொப்பியைக் கழற்றினான். நானும் கழற்றினேன்.

காற்று அவர் சொன்னபடியே இறங்கியது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஆண் மான் தண்ணீருக்கு வந்தது. ஒரே குண்டு. கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு அறுத்தோம். துண்டு துண்டாக இறக்கி முடிக்க மறுநாள் மத்தியானம்வரை ஆனது. மெர்வின் அந்த ஊற்றில் ஒரு ஜாடித் தண்ணீர் பிடித்தான். "அண்ணன் நம்பமாட்டார். குடுத்துக் காட்டணும்."

புதன்கிழமை சாயங்காலம் மலையடிவாரக் கடைக்கு வந்தோம். ஆறு அடிக்கக் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் முள் நேராக நின்றதும் டென்னிஸ் தன் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டோம். "உடம்பு முடியாமப் படுத்திருப்பார், நாளைக்குக் கூப்பிடுவோம்" என்றேன் நான்.

மறுநாள் காலை டென்னிஸ் தன் மனைவியிடம் பேசினார். பேசிவிட்டு வெளியே போய் வேனை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார். திரும்பி வந்துதான் சொன்னார். விடியற்காலையில் அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நிற்காமல் வந்தோம். மலையடியில் கழற்றிய ஆரஞ்சு அங்கிகளை வேனிலேயே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினோம்; அடக்கம் சனிக்கிழமை நடந்தது.

மார்ச்சிலிருந்து நவம்பர் வரை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும். எங்கள் சபை வீடுகளில் தள்ளமாட்டோம். கொலராடோ அரசாங்கக் கணக்கில் எங்களுக்கு இரண்டு மணி பின்னால்; அதனால் அந்தக் கடைச் சுவரில் ஆறு என்றால் அக்காவின் சமையலறையில் ஏழு. சூரியன் உதிப்பதை எல்லாம் அந்த ஊர்க் கணக்கில் எழுதிய மனிதர், கடைசி வரியை மட்டும் தன் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டார். எந்த ஆறு என்று நானும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து, முள்ளைத் தள்ளாத அந்த மெதுநேரத்தில் வாழ்கிறவன் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத்தான் அக்கா சொன்னாள். ஆறுக்கு முன்பே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாராம். ஆறே முக்கால் ஆகியும் அவர் வீட்டுக்குத் திரும்பாததால், குளிரில் நடுங்குவார் என்று இவள் போய்க் கூட்டி வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றும்போது, "தோட்டத்துப் பக்கம் மணி அடிக்கிற மாதிரி இருக்கு ஓர்பா" என்றாராம்.

"உங்க காதுலதான் அடிக்குதுன்னு சொல்லிட்டேன் ஓமர்" என்றாள் அக்கா என்னிடம். "இன்னொரு பூட்ஸையும் கழட்டிட்டேன்."

ஜாடித் தண்ணீர் அவள் ஜன்னலில் இருக்கிறது. இறைச்சியைப் போத்தல்களில் அடைத்து, முதல் போத்தலை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வரைபடத்தைக் கதவில் பழையபடி ஒட்டிவிட்டேன்.

அன்றைக்கு நான் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். நாங்கள் புறப்பட்ட வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் ரொட்டிக் கூடை எடுத்துவர உள்ளே போயிருந்தபோது, அத்தான் வேன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆறு மணிக்குக் கட்டாயம் கூப்பிடுகிறோம் என்று மெர்வின் சொன்னான். அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கூப்பிடுங்க. போன் வரலேன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன் மாப்ள. நீங்க இன்னும் மேலதான் இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன்."