வள்ளியம்மாவின் எட்டுப் பால்குடங்கள்

வள்ளியம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு முப்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறாள். ஒரு பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மார்பளவு, இடுப்பளவு சொல்லிவிடுவாள். ஆனால் தன் உடம்பில் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எட்டு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. சரியான கல்லுளிமங்கி.

பிறப்புறுப்பில் அரிப்பு. நாமாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் வைத்திருந்துதானே காரியம் இத்தனை தூரம் வந்தது.

மாதவிலக்கு நின்ற இரண்டாம் வருஷம் அது ஆரம்பித்தது. முதலில் சூடு என்று நினைத்தாள். பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடித்தாள், எண்ணெய் வைத்துக் குளித்தாள். அடங்கவில்லை. பார்மசியில் போய் நின்றால், கல்லாவில் மகன் வயதுப் பையன். "கால்விரல் இடுக்குல அரிக்குது பாஸ்" என்றாள். அவனும் கால்விரலுக்குரிய களிம்பைக் கொடுத்து அனுப்பினான். அரசு கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. "வேற ஏதாச்சும் இருக்கா ஆன்டி?" என்று நர்ஸ் கேட்டாள். கேட்டாளே, மகராசி! "ஒண்ணும் இல்லலா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வெட்கம் பாதிதான். மீதிக்கு ஒரு பழைய காரணம் இருந்தது.

மகன் சுகுமாறனுக்கு ஏழு வயதில் நெஞ்சுச் சளி முற்றி, பிழைப்பானா என்று கிடந்தான். பிழைத்தால் மூன்று தைப்பூசம் பத்துமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். இரண்டு வருஷம் எடுத்தாயிற்று. மூன்றாம் வருஷம் ஆற்றங்கரையில் குளித்து மஞ்சள் சேலை கட்டும்போது, பத்து நாள் முன்னதாகவே மாதவிலக்கு வந்துவிட்டது. குடத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒதுங்கினால் வேண்டுதல் அறுந்துபோகும், பிள்ளைக்கு என்ன ஆகுமோ? துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். குடத்தைத் தலையில் தூக்கினாள். அத்தனை படியும் ஏறினாள். புருஷன் தம்புசாமிக்குக்கூடத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இருபது வருஷம் கழித்து அரிப்பு வந்தது, அன்றைக்குத் துணி வைத்த அதே இடத்தில். வேறு எப்படி நினைப்பாள்? முருகன் பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டான் என்று முடிவு கட்டினாள். தப்புக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடி பால்குடம் நேர்ந்துகொண்டாள். அரிப்பு நிற்கும்வரை வருஷா வருஷம்.

நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றால் சும்மாவா? சுத்தம், சுத்தம் என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை சோப்புப் போட்டு, கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுவாள். ஏற்கெனவே வெளுத்து மெலிந்திருந்த தோல் வெடித்தது. உப்பை வைத்துத் தேய்த்த மாதிரி எரியும். பல்லைக் கடித்துக்கொள்வாள். எரிய எரிய, பாவம் கழிகிறது என்று ஓர் ஆறுதல். பட்டதெல்லாம் போதாதென்று அந்தப் புண்ணோடு படி வேறு ஏறுவாள். எட்டு வருஷம், எட்டுக் குடம். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், இந்த வருஷம் விட்டுவிடுவான் என்று நம்பினாள்.

போன மாசம் அவளுடைய உள்பாவாடையை வாஷிங் மெஷினில் போடப்போன மகள் வாணி ரத்தக் கறையைப் பார்த்துவிட்டாள். "எங்கிருந்துமா வருது இது? உனக்குத்தான் நின்னு பத்து வருஷமாச்சே" என்று பிடித்துக்கொண்டாள். விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும், அந்த மூன்றாம் வருஷத்துக் குடம் உட்பட, வள்ளியம்மா ஒப்பித்துவிட்டாள். வாணி திட்டவில்லை. மறுநாளே கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இடத்தின் ஓரத்தில் ஒரு கட்டி, ஆறாத புண்ணோடு. அதில் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள்.

இன்று முடிவு வந்தது. டாக்டர் ராஜினி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். புற்று. தொடை இடுக்கு நெறிக்கட்டிகளையும் தாண்டி நுரையீரலில் தெரிகிறது. முழுசாகக் குணப்படுத்த முடியாது. வலியைக் குறைக்கலாம், கொஞ்சம் நாளைக் கூட்டலாம்.

"ஆரம்பத்துல வந்தது புற்று இல்ல ஆன்டி. தோல்ல வர்ற ஒரு வியாதி. வெளுத்து, மெலிஞ்சு, அரிச்சுக்கிட்டே இருக்கும். வயசானவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். நாங்க குடுக்கிற களிம்ப விடாம பூசி, சோப்பு கீப்பு போடாம, வருஷா வருஷம் வந்து காட்டியிருந்தா பெரும்பாலும் கட்டுக்குள்ள இருந்திருக்கும்."

வள்ளியம்மா கையிலிருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "சாமிக் குத்தத்தால வந்திருக்குமா டாக்டர்?"

"சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. நீங்க ஒரு தப்பும் பண்ணல ஆன்டி."

நல்ல மனசோடுதான் சொன்னார். வள்ளியம்மா சுருட்டிய வாரைப் பிரித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது கொமுட்டர் ரயிலில் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தால் வலிக்கும் என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாணியும் பக்கத்தில் நின்றாள். வண்டி சுபாங் ஜெயாவைத் தாண்டியது.

"உன் மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல," என்றாள் வாணி. "அதுவாச்சும் நிம்மதியா இல்லையாமா?"

வள்ளியம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்டனையா இருந்திருந்தா, என்னைக்காவது ஒரு நாள் மன்னிச்சு விட்டிருப்பான்டி," என்றாள். "இப்ப நான் யாருகிட்ட போயி கேக்கிறது?"

வாணி இன்னும் நெருங்கி நின்றாள். அம்மாவின் கைமேல் கையை வைத்துக்கொண்டாள். கிள்ளான் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தார்கள்.