அக்கா பாடிய காட்சி

ஹட்டனில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவனுக்குப் பாட்டு என்பது அனுமதி கேட்டு எடுக்கிற சாமான் இல்லை. தாலி கட்டுகிற இடத்துக்கு ஒன்று, மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு தேயிலைக்கு நடுவே நடந்து வருகிற இடத்துக்கு ஒன்று, பெண்ணின் அம்மா அழுகிற இடத்துக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் ரகம் பிரித்து வைத்திருக்கிறேன். இது யாருடைய பாட்டு என்று இன்றுவரை ஒரு மாமனார்கூட என்னைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. நான் லயத்தில், தேயிலைத் தோட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளில், பிறந்தவன். அங்கே ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் வரிசை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு ரேடியோவோடு சேர்ந்து இந்த வீட்டில் அரிசி களைந்துகொண்டே பாடுவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டு சொந்தம்.

அப்படிப் பாடுகிற ஒருத்தியைப் பற்றித்தான் படம் எடுக்க ஆசைப்பட்டேன். அரை மணி நேரப் படம். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பி வருவதில்லை. அவள் யாரோடும் பேசுவதில்லை. ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு வருகிறது, இவளும் கூடப் பாடுகிறாள். படம் முழுக்க அவள் குரல் கேட்கிற இடம் அது ஒன்றுதான். திரைக்கதையில் அந்தப் பாட்டின் முதல் வரியையே எழுதி வைத்திருந்தேன். படம் பிடிக்கத் தோட்டத்து ஆபீசில் அனுமதி கேட்டேன், கோயில் கமிட்டியில் கேட்டேன், குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம்கூடக் கேட்டேன். பாட்டுக்கும் கேட்க வேண்டும் என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

நடித்தவர் எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா. கொழுந்து பறிக்கிறவர். கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நடிக்கல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பாடச் சொன்னாப் பாடுறேன். ஆனா என் கொரலு சினிமாவுக்குச் சரிவருமா?"

வரும் என்றேன். மறுநாளும் வந்து அதையே கேட்டார். "லயத்துல உள்ளவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. வெளிய உள்ளவங்க கேட்டாத்தான தெரியும்?" என்றார். அந்த ஒன்றுக்காகத்தான் அக்கா நடிக்க ஒப்புக்கொண்டார். ஊரெல்லாம் கேட்கும் அக்கா என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக். அடுத்த வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டு, அக்காவை அரிசிச் சட்டியோடு உட்காரவைத்தோம். இரண்டாவது வரியில் அவர் சேர்ந்துகொண்டார். கொஞ்சம் பிசிறடிக்கிற, மழை நாளில் சளி கட்டின குரல். நடுவில் கை நின்றுவிட்டது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. நான் 'கட்' சொல்ல மறந்து நின்றேன். இந்த ஜென்மத்தில் நான் எடுத்த ஒரே நல்ல காட்சி அதுதான்.

கொழும்பில் ஒரு படவிழாவுக்குப் படம் தேர்வானது. சந்தோஷம் அடங்குவதற்குள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பாட்டின் உரிமை வைத்திருப்பவர்களின் சம்மதக் கடிதம் இல்லாவிட்டால் படத்தைத் திரையிட முடியாதாம். தேடிப்பிடித்துச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், கெஞ்சி எழுதினேன். கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. இந்தப் பாட்டை இம்மாதிரி தேவைகளுக்குத் தருவதில்லை, உங்கள் முயற்சிக்கு எங்கள் வாழ்த்துகள். அந்த வாழ்த்தைப் படித்தபோது வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ரேடியோவை மட்டும் எடுத்துவிட்டு அக்கா குரலை வைக்க முடியுமா என்று சவுண்ட் தெரிந்த நண்பனிடம் கேட்டேன். ஒரே மைக்கில் பிடித்ததைப் பிரிப்பது, சோற்றில் பிசைந்த ரசத்தைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றுகிற வேலை என்றான். பிரித்தாலும் பிரயோசனமில்லை, அக்கா பாடுவதும் அவர்களுடைய மெட்டுதானே என்றான். தலவாக்கலையில் இருக்கும் இன்னொரு நண்பன் புதிதாக ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சட்டியோடு அக்காவை உட்காரவைத்தோம். எத்தனை தடவை எடுத்தும் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரியே வந்தது.

"வாய்க்கு வரமாட்டேங்குது தம்பி. இது நான் எங்கயுமே கேக்காத பாட்டாச்சே" என்றார் அக்கா. அவர் மேல் என்ன தப்பு?

விழாக்காரர்கள் கொடுத்த கெடு முடிகிற அன்று அந்தக் காட்சியின் சத்தத்தை என் கையாலேயே அழித்தேன். அரிசி களைகிற தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிடித்துப் போட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

விழாவுக்கு அக்காவும் அவரோடு கொழுந்து பறிக்கிற இரண்டு பேரும் ரயிலில் என்னோடு வந்தார்கள். அன்றைய சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று, கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையில் வந்திருந்தார் அக்கா. ஹட்டன் ஸ்டேஷன் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு வராது, உங்கள் குரலும் வராது, கம்பெனி தரமாட்டேன் என்றுவிட்டது என்று. "அவங்க பாட்டுன்னா அவங்க சொல்றதுதான" என்று தலையாட்டிவிட்டு வடை வாங்கிக் கொடுத்தார். புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கின் இருட்டில் அந்தக் காட்சி வந்தது. அக்காவின் முகம் சுவரளவுக்குத் தெரிந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. தண்ணீர் சலசலத்தது. கூட வந்தவர்களில் ஒருவர், "என்ன, சத்தமே வரல?" என்று உரக்கவே கேட்டுவிட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாடுகிறாள், ஆனால் நமக்குக் கேட்பதில்லை. மலையகப் பெண்ணின் குரலின்மையை இதைவிட யாரும் சொல்ல முடியாது. அந்த மௌனம் பிரமாதம்" என்றார். அந்த மனுஷனைப் பளாரென்று அறைய வேண்டும் போலிருந்தது. நன்றி ஐயா என்றேன்.

வெளியே வந்து நால்வரும் பிளேன்டீ குடித்தோம். அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"நெசத்தச் சொல்லு தம்பி. நான் பாடுனது நல்லால்ல, அதானே எடுத்துட்டாங்க?"

"ஐயோ, இல்லக்கா." போனைத் திறந்து கம்பெனியின் பதிலைக் காட்டி, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வாழ்த்தையும் சொன்னேன்.

"தோட்டத்து ஆபீசுல நாங்க எதாவது கேட்டுப் போனாலும் இப்புடித்தான், நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாங்க. எனக்குத் தெரியாதா? கொரலு புடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா?"

எப்படியாவது அவரை நம்பவைக்க வேண்டும் என்ற தவிப்பில், நடந்ததை அப்படியே சொன்னேன். "அக்கா, சத்தியமாச் சொல்றேன், அவங்க நீங்க பாடுனதக் கேக்கவே இல்ல. நான் காட்சிய அனுப்பவுமில்ல, அவங்க கேட்டு வாங்கவுமில்ல."

அக்கா கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேக்காமலேயா வேணாம்னாங்க?"

"ஆமாக்கா" என்றேன்.